அவுட் ஆனதற்கு ஒரு பெட்டி சந்தேஷ்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மாலை, கல்கத்தாவில் பாலிகஞ்சிலிருந்து சால்ட் லேக் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவரின் மடியில் சந்தேஷ் பெட்டி.

“எம் பொண்ணு சனிக்கிழமை விளையாட்டுல அவுட் ஆயிட்டா. அதுக்குத்தான் இந்த ஸ்வீட்” என்றார் அவர்.

“அவுட் ஆனதுக்கா?”

“நாங்க மாத்தலாகி வந்து எட்டு மாசம். மாடி வீட்டு ரியா தினமும் விளையாடக் கூப்பிட்டுக்குவா. ஆனா பாஷை தெரியாத குழந்தைன்னு ஓடிப்பிடிச்சு ஆட்டத்துல இவளை தூத்பாத் ஆக்கி வெச்சிருந்தாங்க.”

“அப்படின்னா?”

“நம்ம ஊர்ல ஒப்புக்குச் சப்பாணி. கூட ஓடலாம், யாரும் தொட மாட்டாங்க. இவளோ, தான் அவ்வளவு வேகமா ஓடறதா நெனச்சுட்டிருந்தா.”

அடுத்தவர் சிரித்தார்.

“சனிக்கிழமை ரியாவோட பெங்காலியிலயே சண்டை போட்டிருக்கா. ‘இவ்வளவு பேசறியே, இனிமே நீயும் எங்கள மாதிரிதான்’னு ரியா அடுத்த ஆட்டத்துலயே தொட்டுட்டா.”

“அழுதாளா?”

“நல்லா அழுதா. நேத்து கீழ் வீட்டுக்குப் புதுசா ஒரு குட்டிப் பொண்ணு வந்திருக்கு. அதையும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. ‘இவ இப்பதான் வந்திருக்கா, கொஞ்ச நாள் யாரும் தொடாதீங்க’ன்னு எம் பொண்ணே பெங்காலியில சொல்லிட்டா.”