பேருந்திலிருந்து எடுத்துப்போன குழந்தை குறித்து

எனக்கு வயது இருபத்தாறு. செங்கல் சூளைத் தொழிலாளியின் மனைவி. ஆற்றுக்கு அக்கரையில், சூளைக் குடியிருப்பின் கடைசி வீட்டில் வசித்து வருகிறேன். அதிகம் பேசமாட்டேன் என்பதால் ஊமச்சி என்று கூப்பிடுவார்கள். அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால்தான் அங்கே தெரியும்.

ஆற்றில் தண்ணீர் வந்தால் எங்கள் பக்கம் வண்டி வராது என்பதால், நிறைமாதத்தில் ஆஸ்பத்திரியை ஒட்டியுள்ள பேறுகாலக் காத்திருப்பு இல்லத்தில் வந்து தங்கினேன். பக்கத்துக் கட்டில்காரி ஓயாமல் பேசுவாள். அவளைப் பேச்சுக்காரி என்போம். "எம்புள்ள பொறந்ததும் அழாதுக்கா, நேரா நியாயம் கேக்கும்" என்று சொல்லிச் சிரிக்க வைப்பாள். அதன் பின்பு எனக்கு வலி கண்டு ஆண் குழந்தை பிறந்தது. அது அழவில்லை. என் கணவர் அன்றே துணியில் சுற்றிப் புதைக்க எடுத்துப்போனார். மறுநாள் பேச்சுக்காரிக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்து, அதன் பின்பு இரத்தப்போக்கு நிற்காமல் அவள் இறந்துவிட்டாள்.

இன்குபேட்டரில் இடம் இல்லாததால் நர்ஸம்மா அந்தக் குழந்தையை என் வெறும் நெஞ்சில் வைத்துத் துணியால் கட்டி, "உன் உடம்புச் சூடுதாம்மா இதுக்கு உசுரு, எறக்கிடாத" என்றார். எனக்குப் பால் சுரந்திருந்தது. ஒரு வாரம் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

அதன் பின்பு குழந்தையின் அத்தை வந்தார். அடுத்தவள் பாலில் வளர வேண்டாம் என்று, டாக்டர் தடுத்தும் கேளாமல், குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பேருந்தில் ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். மழைச்சாரல் உள்ளே அடித்தது. "அக்கா, கொஞ்ச நேரம் எங்கிட்ட குடுங்க, சூடேத்தித் தரேன்" என்றேன். "உன்னோடத முழுங்குனது போதாதா?" என்றார். குழந்தையின் உதடு நீலமாகி, அழுகை நின்றுவிட்டது. வண்டி நின்ற இடத்தில் அவர் அதை இருக்கையில் கிடத்திவிட்டுப் பால் வாங்க இறங்கினார். அதன் பின்பு நான் குழந்தையை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, எதிரே வந்த லாரியில் ஏறி ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

அத்தை கொடுத்த புகாரின் பேரில் போலீசார் வந்தபோது இல்லத்தில் என் கட்டிலில்தான் இருந்தேன். பெண் போலீஸ் குழந்தையை வாங்கக் கை நீட்டினார். நர்ஸம்மா அவரைத் தடுத்து, வெளியூர் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த குழந்தையின் அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். குழந்தையை அவர் நெஞ்சில் வைத்தோம். துணியில் முடிச்சு எங்கே விழவேண்டும் என்று நானே காட்டிக்கொடுத்தேன். "மூச்சு விடுதாம்மா?" என்று கேட்டார். விடுகிறது என்றேன். அதன் பின்பு ஜீப்பில் ஏறினேன்.

உயிரைக் காப்பாற்ற மட்டுமே எடுத்தேன் என்று சொன்னால் வழக்கு லேசாகிவிடும் என்று ஏட்டையா சொன்னார். லாரியில் வரும்போது குழந்தைக்குச் சூடு திரும்பி, பால் இழுக்க ஆரம்பித்தது. எங்கே இறங்க வேண்டும் என்று டிரைவர் கேட்டார். அக்கரை, எங்கள் வீடு என்று சொல்ல வாயெடுத்தேன். மறுபடியும் கேட்ட பிறகே ஆஸ்பத்திரி என்றேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இவ்வளவும் நான் சொல்லி எழுதப்பட்டது. படித்துக் காட்டக் கேட்டேன். இதில் கூட்டியதோ மறைத்ததோ இல்லை.

(இடது கைப் பெருவிரல் ரேகை)