கேற்றுக் கடிதத்தில் இல்லாத சாமான்

என்ர கையெழுத்து வடிவான கையெழுத்து எண்டு பள்ளிக்கூட நாளில இருந்தே எல்லாரும் சொல்லுவினம். நீங்கள் கையில வைச்சிருக்கிற பெட்டிசமும் நான் எழுதினதுதான், பிள்ளை. காணாமல் போன ஆக்களைப் பற்றி விசாரிக்கிற கந்தோரில எத்தினை கோணல் எழுத்தை வாசிச்சிருப்பியள். இது கண்ணுக்குச் சுகமா இருந்திருக்கும். இந்தக் கதிரையில இருங்கோ, மற்றதின்ர கால் ஆடும்.

நான் கனகசுந்தரம். ஓர்ஸ் ஹில்லில ஒரு கொந்தராத்துக்காரற்ற கராஜில இருபத்தாறு வருசம் மெக்கானிக்கா இருந்தனான். அந்த நாளில எஞ்சின்ர சத்தத்தை வைச்சே என்ன வருத்தமெண்டு சொல்லிப்போடுவன். என்னைக் கூட்டிக்கொண்டு போக ஜீப் வரும். கடல்கோளுக்குப் பிறகு உதவியில ஒரு புது எக்ஸ்கவேட்டர் வந்தது. பெக்கோ எண்டுதான் நாங்கள் சொல்லுறது. துறைமுகத்துக்குள்ள கரை வெட்டுற வேலை. அதின்ர சத்தத்தில ஒண்டும் பிடிபடாது, ஜீப் வாறதும் நிண்டுபோச்சு. எஞ்சினுக்கு ஒரு கொம்பியூட்டர் பெட்டி, பம்புக்கு ஒண்டு, ஓட்டுறவருக்கு முன்னால ஒரு திரை. மூண்டும் முறுக்கின ரெண்டு வயரில ஒண்டோட ஒண்டு கதைக்குங்கள். அந்த வயரின்ர ரெண்டு அந்தத்திலயும் பெருவிரல் அளவில ஒவ்வொரு கறுப்பு பிளக் கிடக்கும். அதில ஒண்டைக் கழட்டினால் கதை குழம்பிப்போகும். திரையில தொடர்பு இல்லையெண்டு வரும். மெசின் ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. எதால வந்த பிழையெண்டு ஒருத்தருக்கும் விளங்காது.

நான்தான் கழட்டுறனான். மாசத்தில ஒருக்கால், சில மாசம் ரெண்டு தரம். ரெண்டு நாள் எல்லாரையும் தலையில கைவைக்க விட்டிட்டு, போய்த் திருப்பிப் பூட்டிவிடுவன். மெசினுக்கு ஒரு கெடுதியும் இல்லை. ஜீப் திரும்ப வரத் தொடங்கினது. மனிசனுக்குக் கொஞ்சம் மரியாதை வேணும்தானே.

இரண்டாயிரத்தி ஏழில ஆனந்தராசா வேலைக்கு வந்தார். சாம்பல்தீவு ஆள், முப்பத்தைஞ்சு வயசு. கட்டாரில எட்டு வருசம் இந்த மாதிரி மெசின் பார்த்தவர். நல்ல மனிசன், அதை எழுதிக்கொள்ளுங்கோ. அவர் வந்த மூண்டாம் கிழமை மெசின் நிண்டுது. அவர் முதல்ல பற்றறியைக் கழட்டினார். பிறகு மீற்றரின்ர முனையளை அந்த ரெண்டு வயரிலயும் வைச்சுப் பார்த்தார்.

"அண்ணை, அறுபது காட்ட வேணும். நூற்றியிருபது காட்டுது. ஒரு அந்தத்துப் பிளக் இல்லை."

பத்து நிமிசமும் ஆகேல்லை. பிளக் என்ர சேட்டுப் பொக்கற்றில கிடந்தது. பொக்கற் புடைச்சிருந்ததை அவர் கண்டவர். ஆனா வேலைத்தாளில 'அதிர்வில கழண்டு விழுந்திருக்கு, நாளைக்கு வேற போடவேணும்' எண்டு எழுதி, கையெழுத்தும் வைச்சு, என்னட்டக் காட்டினார்.

"இனி இது வேண்டாம் அண்ணை. வெளியில தெரிஞ்சால் நாசவேலையெண்டு பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன்."

பயத்தில செய்தனான் எண்டு நீங்கள் எழுதலாம். அப்பிடி எழுதினால் எனக்கும் நல்லதுதான். ஆனா எனக்குப் பயம் இருக்கேல்லை. அவர் சொல்லமாட்டார் எண்டு வடிவாத் தெரியும். எனக்கு வந்தது கோவம். என்னைவிடப் பதினெட்டு வயசு இளையவர், என்னை மன்னிச்சு விட்டிட்டு, சைக்கிளில பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டை போறார்.

சண்டை நடந்த அந்த நாளில துறைமுகத்துக்குள்ள போற ஆள் கொண்டுபோற சாமான் முழுக்கக் கடிதத்தில எழுதிக் குடுக்கவேணும். ஒரு ஸ்குறூ ஆணியெண்டாலும் எழுதவேணும். கேற்றில துவக்கோட நிக்கிறவை கடிதத்தையும் ஆளையும் ஒண்டொண்டா ஒப்பிட்டுப் பார்ப்பினம். அதுக்கு முந்தின மார்கழியில பெயின்ற் அடிக்கிற அஸீமின்ர பொக்கற்றில, கடிதத்தில இல்லாத ஒரு மணிக்கூட்டு பற்றறி கிடந்தது. மூண்டு நாள் கழிச்சுத்தான் விட்டவை. பிறகு அவருக்குத் தேத்தண்ணிக் கோப்பையை ஒரு கையால பிடிக்க ஏலாது. எங்கட கராஜில கேற்றுக் கடிதம் எழுதுறது நான். வடிவான எழுத்தெல்லே.

அடுத்த நாள் காலமை கடிதம் எழுதினன். மீற்றர் ஒண்டு, ஸ்குறூட்றைவர் நாலு, குறடு ஒண்டு, வயர் ஒரு சுருள், ஒட்டுற ரேப் ஒண்டு. உறையில போட்டு ஒட்டினன். பிளக்கை ஆனந்தராசாவின்ர கையில குடுத்தன்.

"பைக்குள்ள போட்டால் துலைஞ்சுபோகும் தம்பி. சேட்டுப் பொக்கற்றில வையும்."

"கடிதத்தில எழுதினீங்களோ அண்ணை?"

"ஓம், எல்லாம் எழுதியாச்சு."

கடிதத்தில ஒரு பொய்யும் இல்லை, பிள்ளை. எழுதின அஞ்சு சாமானும் அவற்ற பையில இருந்தது. அவரையும் மூண்டு நாளில விட்டிடுவினம் எண்டுதான் நினைச்சனான். கொஞ்சம் அடங்கி வருவார், பிறகு எல்லாம் பழையபடி நடக்கும் எண்டு நினைச்சனான். அவர் வரேல்லை.

பன்ரெண்டு வருசமா அவற்ற மனிசி இராசமலர் என்னட்ட வாறவ. வரேக்க கருவாடு கொண்டு வருவா. எல்லாக் கந்தோருக்கும் நான்தான் எழுதிக் குடுக்கிறனான். உங்கட படிவத்தில ஒரு கேள்வி இருந்தது, கடைசியாப் போகேக்க ஆளிட்ட என்னென்ன இருந்ததெண்டு. நான் ஒண்டும் விடாமல் எழுதினன். மீற்றர், ஸ்குறூட்றைவர், குறடு, வயர், ரேப், சேட்டுப் பொக்கற்றில கறுப்பு பிளக். இராசமலருக்கு அந்தப் பிளக்கைப் பற்றித் தெரியாது. பழைய கேற்றுக் கடிதத்திலயும் அது இல்லை. ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பார்த்திட்டுத்தானே வந்தனீங்கள். கெட்டிக்காரப் பிள்ளை.

நீங்கள் கேக்காத ஒண்டும் இருக்கு. அண்டைக்குப் பத்தரைக்குக் கேற்றில இருந்து போன் வந்தது. மனேசர் இல்லை, நான்தான் எடுத்தனான். அவற்ற பொக்கற்றில ஒரு சாமான் கிடக்கு, உங்கட கராஜ்ச் சாமானோ எண்டு மரியாதையாத்தான் கேட்டவை. ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவரை விட்டிருப்பினம். கடிதத்தில இல்லாட்டில் எங்கடையில்லை எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன். போனுக்குள்ளால அவற்ற குரல் கேட்டது. அண்ணையிட்டக் கேளுங்கோ, அண்ணைக்குத் தெரியும் எண்டுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

இதை இராசமலருக்குத் தெரியப்படுத்த வேணுமெண்டால் அந்தக் கடிதத்தை நானே எழுதித் தாறன், பிள்ளை. அவவுக்கு என்ர எழுத்தெண்டால்தான் நம்பிக்கை.