ஃப்ரில் வச்ச மெத்தை

ஏணி அங்கயே கெடக்கட்டும், இப்படி வந்து உக்காருங்க தம்பி. வண்டு பிடிக்கிற பொறிதான் மரத்துல தொங்குதே, அது எங்க ஓடிப்போகப் போகுது? இந்த பெஞ்சுலயே உக்காருங்க. மெத்தை நான் தச்சதுதான். ஆமா, ஃப்ரில்லு தரை வரைக்கும் எறங்குது, கொஞ்சம் ஆடம்பரந்தான். டீ இனிப்பு ஜாஸ்தியா? எங்க டென்னசி மாநிலத்துல டீன்னா இதான். வெளியூர்க்காரரு போல, பழகிக்குங்க.

எப்ப ஆரம்பிச்சுதுன்னா? ரெண்டு கோடைக்கு முன்னாடி. மொதல்ல பக்கத்து வீட்டு ஹோபர்ட்டோட வால்நட் மரந்தான். அதோ வேலிக்கு அந்தாண்ட ரெண்டு மொட்டையா நிக்குதே, அதுதான். உச்சியில இலை மஞ்சளாச்சு. வெயில் தாங்கலன்னு விட்டுட்டோம். அடுத்த வருஷம் கிளை கிளையாக் காஞ்சுபோச்சு. உங்க விவசாய ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வந்து பட்டையச் செதுக்குனாரு. உள்ள பூரா கருப்புக் கருப்பாப் புண்ணு. எள்ளு அளவுகூட இல்லாத வண்டு, அது சுமந்துக்கிட்டு வர்ற பூஞ்சை வால்நட் மரத்தையே சாச்சுப்புடுமாம். மேற்குப் பக்கத்து வண்டு, இவ்ளோ தூரம் தானாப் பறந்து வராது, யாரோ பட்டையோட மரத்தக் கொண்டாந்திருக்காங்கன்னாரு. யாரோன்னு சொல்லிட்டா ஊரு சும்மா இருக்குமா?

ஹோபர்ட் வருஷா வருஷம் மேற்கே கொலராடோவுக்கு எல்க் மான் வேட்டைக்குப் போவாரு. திரும்பி வர்றப்ப வண்டியில மிச்ச விறகு கெடக்கும். அது பைன் கட்டைதான், வால்நட் இல்லன்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. யாரு காதுல போட்டுக்கிட்டா? மொதல்ல சொன்னது யாருன்னா... ஐஸ் கரைஞ்சு போச்சு பாருங்க, இன்னும் ரெண்டு போடட்டா?

நான்தான் சொன்னேன் தம்பி. வேற யாரு? வெளியூர் விறகு கொண்டு வராதீங்கன்னு ரோடு முழுக்க போர்டு அடிச்சவளே நான்தானே. சர்ச்சுல எந்திரிச்சு நின்னு பேசுவேன். ஒலீட்டா வாயத் தொறந்தா ஊரு கேக்கும், அப்படி ஒரு மெதப்பு எனக்கு.

போன வருஷம் இலை உதிர்ற நேரத்துல சர்ச்சுல விருந்து. ஹோபர்ட் வால்நட் கேக்கு கொண்டாந்தாரு. பொண்டாட்டி போனதுக்கப்புறம் அவரேதான் செய்யுறாரு. லேசுப்பட்ட வேலையா அது? காய் மேல வண்டிய ஏத்தித் தோல உரிக்கணும், சுத்தியலால உடைக்கணும், ஒவ்வொரு பருப்பா நோண்டி எடுக்கணும். கையில ஏறுன கறை சோப்புக்கெல்லாம் மசியாது. அந்தக் கருத்துப்போன கையோட, கேக்க மேசை நடுவுல வச்சாரு. நான் என்ன பண்ணேன்? தட்டத் தூக்கி ஓரத்துல, எச்சித் தட்டு போடுற கூடை பக்கத்துல வச்சேன். நோய் மரத்துக் கேக்கு, பாத்துச் சாப்பிடுங்கன்னு சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தரும் கத்தி வைக்கல. முழுசாத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போனாரு, தட்டு மேல தன் துண்டையே போத்தி.

கொட்டை வழியாப் பரவாதுன்னு நீங்க சொல்ல வேணாம். அப்பவே எனக்குத் தெரியும்.

இப்ப என் மரத்துலயும் மஞ்சள். நேத்து வேலியோரமா வந்து நின்னாரு மனுஷன். தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, ஒலீட்டா, ஒருவேளை என் வண்டியிலதான் வந்துச்சோ என்னமோ, உன் மரமும் என்னால போகுதுன்னா மன்னிச்சுக்கம்மான்னாரு. அவரே நம்ப ஆரம்பிச்சுட்டாரு தம்பி! உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டேன்.

வந்ததும் கேட்டீங்களே, வெளியூர் மரம் எதுவும் இந்த வீட்டுக்கு வந்துச்சான்னு. வரலன்னேன். என் மக டார்லாவக் கொலராடோவுலதான் குடுத்திருக்கு. ஹோபர்ட் மரம் மஞ்சளாறதுக்கு முந்தியே கல்யாணம், அப்ப சம்பந்தி தன் கையால ஒரு சாமான் செஞ்சு வண்டியில ஏத்திக் குடுத்தாரு. வால்நட் பலகை. ஓரத்துல பட்டைய எடுக்காம அப்படியே விட்டிருந்தாரு, அதுதான் அழகுன்னு. வந்தவங்க போனவங்க எல்லாருட்டயும் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டேன். விறகு வேண்டாம்னுதானே நான் போர்டு அடிச்சேன், இது வீட்டுச் சாமானாச்சே, அது எப்படி என் புத்தியில ஏறும்? அப்புறம் ஒரு நாள் பெருக்கக் குனிஞ்சேன். அடியில மாவு மாவாக் கொட்டிக் கெடந்துச்சு. பட்டையில குண்டூசி குத்துனாப்புல ஓட்டை. ஒண்ணு ரெண்டு இல்ல.

டீயக் கீழ வச்சுட்டு எந்திரிங்க தம்பி. அந்த ஃப்ரில்லத் தூக்கிப் பாருங்க.

எப்ப தச்சதா? அந்த விருந்துக்கு முந்தின வாரம்.