வீடு என்ற சொல்

டீ நன்றாக இருக்கிறது இன்ஸ்பெக்டர் ஐயா. முதியோர் இல்லத்தில் தருவது வெந்நீருக்கு டீ என்று பெயர் வைத்ததுபோல இருக்கும்.

ஜன்னலம்மாவின் வாக்குமூலத்தை மொழிபெயர்க்கத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். அவளுக்கு இப்போது ஸ்பெயின் பக்கத்துப் பாஸ்க் மொழி மட்டும்தான் வரும். இந்த ஊரில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். காலையில் அவள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் தருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. இல்லத்தில் அவள் அறைக் கட்டிலுக்கு அடியிலிருந்த என் ஒலிப்பதிவுக் கருவியைத் தலைமை நர்ஸ் உங்களிடம் கொடுத்துவிட்டாராம். ஜப்பானிய மொழி தெரிந்த யாராவது அதைக் கேட்டால் விளங்கிவிடும். எனவே நானே சொல்லிவிடுவது முறை.

ஜப்பானிய மொழியும் பாஸ்க்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது என் கட்சி. முப்பது வருஷம் அதற்காகவே செலவழித்தேன். பாஸ்க்குக்கு உலகத்தில் சொந்தமென்று ஒரு மொழியும் இல்லை என்பார்கள். ஜப்பானிய மொழி பூமியின் மறுகோடியில் கிடக்கிறது. ஆனாலும் இரண்டிலும் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வந்து உட்காரும். இரண்டிலும் ஐந்தே உயிரொலிகள். இதைப் பல்கலைக்கழகத்தில் எங்கள் மொழியியல் துறைக் கூட்டத்தில் சொன்னபோது துறைத்தலைவர், "நாம பேசறதுலயும் வினை கடைசியிலதான் வருது. அப்ப நாம அவங்களுக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பாவா சார்? இது ஆராய்ச்சி இல்ல, ஜோசியம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் தலைமை நர்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். இல்லத்தில் இரண்டு அம்மாக்கள். இருவருமே நாற்பது வருஷம் இந்த ஊர்ப் பேச்சையே பேசி வாழ்ந்தவர்கள். பக்கவாதம் வந்து அது துடைத்துக்கொண்டு போய்விட்டது, பிறந்த மொழி மட்டும் மிஞ்சியது. ஒருத்தி எப்போதும் ஜன்னலோரம் இருப்பாள், பாஸ்க்காரி. மற்றவள் கைக்குட்டைகளை மடித்துக்கொண்டே இருப்பாள், ஜப்பான்காரி. நர்ஸுகள் ஜன்னலம்மா, கைக்குட்டையம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். "அவங்க என்ன கேக்கறாங்கன்னே தெரியல சார், பாவமா இருக்கு" என்றார் தலைமை நர்ஸ். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு ஜோடி ஒரே கட்டிடத்தில் கிடைப்பதற்கு எவ்வளவு கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இருநூறு சொற்கள் கொண்ட பட்டியலோடு தினமும் போனேன். தண்ணீர், கை, தாய், கல். கேட்பேன், சொல்வார்கள், எழுதிக்கொள்வேன். 'வீடு' மட்டும் கேட்காமலே வந்தது. ஜன்னலம்மா 'எச்சே' என்பாள், கைக்குட்டையம்மா 'உச்சி' என்பாள். நம் தலையுச்சியோடு அதற்கு உறவில்லை, நான் அந்த அளவுக்கு முற்றிப்போகவில்லை. ஆனால் ஜாடை பாருங்கள். மூன்று மாதத்தில் அந்தச் சொல் ஆயிரத்து நானூறு தடவை பதிவாகியிருக்கிறது. என் பட்டியலில் இவ்வளவு வலுவான சான்று வேறெதற்கும் கிடையாது.

ஜன்னலம்மாவைப் பார்க்க அவள் கணவரின் மூத்த தாரத்து மகன் வந்தான். நல்ல பையன். தன் வீட்டில் அவளுக்காக ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தான். அவனுக்குப் பாஸ்க் தெரியாது. அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குக் கூட்டிப்போ என்றாள், நான்கைந்து முறை.

"அம்மா என்ன சொல்றாங்க சார்?"

"இங்கேயே நல்லா இருக்காம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு கேக்கறாங்க."

அவன் அழுதுகொண்டே போனான். பட்டியலில் அப்போது எழுபது சொற்கள்தான் முடிந்திருந்தன, அதைத்தான் கணக்கில் எடுத்தேன். அவன் கார் தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. பேச வைப்பதற்காகத்தான் இருவரையும் ஒரே அறையில் போடச் சொன்னேன். இருவரும் கைகோத்துக்கொண்டு, ஆளுக்கொரு மொழியில், புரியாமலே பேசிக்கொண்டிருந்தார்கள். கருவியை அப்போதுதான் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அதற்கப்புறம் சொற்களை அதிலிருந்துதான் பொறுக்கினேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் கைக்குட்டையம்மா மடித்த கைக்குட்டையை நெஞ்சில் அழுத்தியபடி, இங்கே வலிக்கிறது, மருத்துவரைக் கூப்பிடுங்கள் என்றாள். மிகத் தெளிவான உச்சரிப்பு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே ஜப்பானிய மொழிக்குத் தொலைபேசியில் ஆள் உண்டு. அவரிடம் அவள் மூன்று மாதமாக என்னிடம் வீடு கேட்ட கதையையும் சொல்வாள். நர்ஸ் எட்டிப் பார்த்து, என்ன வேண்டுமாம் என்று கேட்டார்.

"இன்னொரு தலையணை கேக்கறாங்க."

தலையணை வந்தது. உடனே ஜன்னலம்மா எழுந்து உட்கார்ந்து நர்ஸைப் பார்த்துக் கத்தினாள். மருத்துவர், மருத்துவர் என்றாள். தோழி சொன்னது புரிந்தல்ல, முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"இவங்களுக்கு என்னவாம்?"

"வெயில் அடிக்குதாம். திரையை இழுத்துவிடச் சொல்றாங்க."

நர்ஸ் திரையை இழுத்து மூடிவிட்டுப் போனார். சாயங்கால டீ வருவதற்குள் கைக்குட்டையம்மா இறந்துவிட்டாள். கடைசியாகச் சொன்னதும் 'வீடு' தான். நேரத்தோடு குறித்து வைத்திருக்கிறேன்.

மருத்துவர் வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள், எனக்குத் தெரியும். அவளைச் சாகவிட்டது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் நோட்டில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. அதையும் எழுதினால் நல்லது.

சரி, காலை வாக்குமூலம். ஜன்னலம்மா சொன்னது இதுதான்: 'இந்த மனிதன் பொய் சொல்கிறான். இவன் வழியாக என்னிடம் பேசாதீர்கள். என்னை வீட்டுக்கு அனுப்புங்கள்.' மாசக்கணக்கில் என்னிடம் வாய் திறக்காதவள் இன்றைக்கு என் எதிரில் மூன்று முழு வாக்கியம் பேசியிருக்கிறாள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியாது.

மூத்த தாரத்து மகன் வெளியே காத்திருக்கிறான், தெரியும். கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறான். அதை அவளிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும், என்னை விட்டால் ஆள் இல்லை. நானே பக்குவமாகச் சொல்கிறேன் ஐயா. ஒரு வாரம் மட்டும் கொடுங்கள், பட்டியலில் இன்னும் பதினெட்டுச் சொற்கள் பாக்கி இருக்கின்றன.