அறாத நரம்பு

வெறும் வயிற்றோடு படகில் ஏறக் கூடாது, சார். அன்று காலை கடலூர் துறைமுகத்துக்கு வெளியே எல்லோருக்கும் இட்லி வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அக்கா நாலு தின்றாள்.

எங்கள் விருத்தாசலத்தில் கடல் கிடையாது, பீங்கான் சூளைதான். அக்கா பானுமதியின் புருஷன் சக்கரபாணிக்குச் சொந்தமாகப் பொம்மைக் கம்பெனி. அதில் நான் அச்சு செய்கிறவன். மச்சானுக்குக் கொஞ்ச காலமாக மீன்பிடிப் பைத்தியம். ஓடுகிற படகிலிருந்து தூண்டிலை இழுத்துக்கொண்டே போய்ப் பெரிய மீன் பிடிப்பது. கறுப்புக் கண்ணாடி, செல்போன் வீடியோ எல்லாம் உண்டு. "சொந்தக் கையால கட்டுன தூண்டிலு" என்று ஒவ்வொரு வீடியோவிலும் சொல்வார். கட்டுவது நான். கம்பு வைத்துப் பிடித்தால் கௌரவக் குறைச்சல் என்று தூண்டிலின் நைலான் நரம்பை விரல்களோடு சேர்த்து மணிக்கட்டில் சுற்றிக்கொள்வார்.

அந்தத் தூண்டிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நரம்பின் கடைசியில் ஒரு சின்னப் பலகை. படகு ஓடினால் அது தண்ணீரைக் குடைந்து கீழே போகும். மீன் கடித்தால் பலகையிலுள்ள ஊசி நழுவும், பலகை மட்டமாகி மேலே வரும். பலகைக்கும் முள்ளுக்கும் நடுவே கொஞ்சம் மெல்லிய நரம்பு. முள் பாறையில் மாட்டினால் அது அறுந்துவிடும், கை தப்பும். நல்ல தூண்டிலில் அறுவதற்கென்றே ஓர் இடம் வைக்க வேண்டும், சார். மச்சானுக்கு இது தெரியாது.

பொங்கலன்று விருந்தாளி ஒருவர் என்னைக் காட்டி யாரென்று கேட்டார். "இவனா? நமக்கு மூட்ட தூக்க வர்ற பய" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்.

நான் கோபப்படவில்லை. மெல்லிய நரம்புக்குப் பதில் எஃகுக் கம்பி போட்டேன். பொம்மைக்குக் கை ஒட்டுகிற பசையால் ஊசியை ஒட்டினேன். மச்சானுக்கு ரெண்டு விரல் போகும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். படகோட்டி பக்கிரியிடம், "பாறப் பக்கம் வுடுண்ணே, அங்கதான் மீனு நிக்கும்" என்றவனும் நானே.

போகிற வழியில் மச்சான் நரம்பை அக்கா கையில் சுற்றினார்.

"போட்டோவுக்குத்தான் பானு. ராணி மாதிரி நில்லு."

"ஐய, பயமா இருக்குதுங்க."

"நான் கட்டுனதுடி. அறுவாது."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாறை வந்துவிட்டது.

"தம்பி, இழுக்குதுடா" என்றாள். மச்சானைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. கத்தி என் இடுப்பில்தான் இருந்தது. அவள் தண்ணீருக்குள் போன பிறகும் நான் நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். விறைத்து நின்றது, ஒரு முடிச்சுகூட நழுவவில்லை. பக்கிரி குதித்து, அறுத்து, மேலே கொண்டுவந்தபோது அக்காவுக்கு உயிர் இல்லை.

இப்போது மச்சானை உள்ளே வைத்திருக்கிறீர்கள். "நான் கட்டல, மச்சினன் கட்டுனது" என்று வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை பேசுகிறார். அத்தனை வீடியோவைப் பார்த்த பிறகு யார் நம்புவார்கள்? என்னிடம் அனுதாபமாகப் பேசி ஊருக்கு அனுப்பினீர்கள். பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத்தான் திரும்பி வந்தேன்.

அக்காவுக்காக வந்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால், 'சக்கரபாணி கட்டிய தூண்டில்' என்று எழுதியிருக்கிறீர்களே, சார், அதை அடித்துவிடுங்கள்.