கிளைவின் வில்லை

இரவு இரண்டு மணி. ராக்ஹாம்டன் ஊரைத் தாண்டி ஆற்றோரம் செல்லும் ஒற்றைச் சாலை. எதிரே ஒரு விளக்கும் இல்லை... கண்ணாடியை ஏற்றியிருந்தும் வண்டிக்குள் வெந்த கொழுப்பின் நாற்றம். என் நண்பரின் மருமகன் லாக்லனுக்கு நேர்ந்தது இது. இன்னும் நெருங்கி உட்காருங்கள்.

அவன் போனது ஓர் இறைச்சி ஆலைக்கு; அங்கே கருவிகளைப் பழுதுபார்ப்பவன் அவன். வெப்பமானிகள், அழுத்தமானிகள், நச்சுவாயு பட்டால் கத்துவதற்காக ஆட்கள் மார்பில் அணியும் வில்லைகள்... ஆயிரக்கணக்கான கருவிகளும் ஒரே அலைவரிசையில் பேசின. ஒன்று பேசினால் மற்றவை காத்திருக்க வேண்டும். இன்னோர் அலைவரிசை வேண்டுமென்று லாக்லன் மன்றாடினான். வீண்செலவு என்றார் மேலாளர்.

முன்பொரு நாள் கிளைவ் என்ற தொழிலாளி கொழுப்பு உருக்கும் குழிக்குள் விழுந்தபோது அவனுடைய வில்லை கத்திக்கொண்டேதான் இருந்தது. அந்தச் சந்தடியில் அதற்கு முறையே கிடைக்கவில்லை. அபாயக் குரல் எழுந்தால் மற்றவை வாய்மூட வேண்டும் என்னும் விதி அதன் பின்னரே வந்தது. ஒரு மனிதன் வெந்த பின்னர்!

இந்த இரவு லாக்லன் ஆலைக்குள் நுழைந்தால்... நிசப்தம். திரையில் எல்லாக் கருவிகளும் ஊமை. ஒன்று மட்டும் விடாமல் கத்தியது.

“பழுதுன்னுதான் உன்னைக் கூப்பிட்டேன்” என்றாள் இரவு மேற்பார்வையாளர் கோரலி.

அதன் எண்ணின் மேல் லாக்லன் விரலை வைத்தான். “இது கிளைவோடது.”

“அதையா? மேலாளரு கொழுப்பை வழிச்சுக் கழுவி, குழி கழுவுற லொபெட்டிக்குக் குடுத்துட்டாரே!”

“செத்தவன் மேல கிடந்ததையா? த்தூ! லொபெட்டி எங்க?”

“குழிக்குள்ளதான் இருக்கான்... தனியா.”

ஓடினார்கள். குழியின் விளிம்பில், இருமியபடி, உயிரோடு உட்கார்ந்திருந்தான் லொபெட்டி.

“கீழ அழுகின முட்டை நாத்தம், லாக்கி. அப்புறம் மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியல. தலை சுத்துச்சு. இது அலறுச்சு... ஏறிட்டேன்.”

“உன் காலுறையோட குடியிருக்கிற மூக்குக்கு அதுவாவது தெரிஞ்சுதே, தடியா!” என்ற கோரலி, அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வில்லை இன்னும் அலறிக்கொண்டிருந்தது. நிறுத்துவதற்காக லாக்லன் அதன் பின்மூடியைத் திருகினான்.

உள்ளே பேட்டரி இல்லை. அதையும் மிச்சம்பிடித்திருந்தார்கள்.

பேட்டரி இருக்கவேண்டிய குழிவில் மஞ்சள் கொழுப்பு... வெதுவெதுப்பாக. அதில், சதை பிரியாத ஒரு மனித நகம்.