மாற்றாத நம்பர் பிளேட்

– “ஜூன் பதினான்கு, சனி. நேற்று எழுதியதில் ஒரு தவறு. பைக் கறுப்பு என்று எழுதிவிட்டேன். வீடியோவை மறுபடி பார்த்தேன், கருநீலம்.” இவ்வளவுதான் என் கையில இருக்கு, அண்ணா. இந்த போட்டோவையும் பாத்துடுங்க.

– நோட்டுல எழுதிகினு கடை கடையா சுத்துறியா? பேர் இன்னா சொன்னே?

– ஹெலினா. ஈவினிங் காலேஜ்ல பி.காம். படிக்கறேன். எங்கப்பா சத்தியராஜ். போன செவ்வாய்க்கிழமை காலைல அயனம்பாக்கம் ஏரி ரோட்டுல சைக்கிள்ல வேலைக்குப் போனாரு. இடிச்சிட்டு நிக்காமப் போயிட்டாங்க. இடிச்ச இடம் எந்தக் கேமராலயும் இல்ல. கொஞ்சம் தள்ளி ஒரு மளிகைக்கடை கேமரால இந்த பைக் பறக்குது. நம்பரைத்தான் படிக்க முடியல.

– எப்டிமா படிப்பே? நெருப்பு மாறி வளைச்சி வளைச்சி வெட்டிக்கீது.

– வெட்டினது நீங்கதான்னு நாலு ஸ்டிக்கர் கடையில சொல்லிட்டாங்க. இந்த நெருப்பு வெட்டு அம்பத்தூர்லயே ஜெகன் கடை மட்டும்தானாம்.

– பசங்க வந்து கேக்குறானுங்க, நான் ஒட்டுறேன். ஆயிரம் பிளேட் ஒட்டிக்கீறேன் தங்கச்சி. அல்லாம் நெனப்புல நிக்குமா?

– கருநீல பைக்குக்கு எத்தனை ஒட்டியிருப்பீங்க?

– போலீசுக்குப் போனியா நீ?

– போனேன். பிளேட் ஒழுங்கா இருந்திருந்தா அன்னைக்கே புடிச்சிருப்போம்னாங்க. தேடறாங்க.

– அப்பா எப்டி கீறாரு?

– இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு. மறுபடி லேத்துல நிக்க முடியுமான்னு டாக்டர் எதுவும் சொல்லல. அன்னைக்கு நடந்தது ஒண்ணும் ஞாபகம் இல்ல அவருக்கு. யாரோ தலைக்குக் கீழ கை குடுத்தாங்களாம், அந்தக் கையில தின்னர் வாசனை வந்துச்சாம். அத மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்றாரு. பட்டறை ஞாபகத்துல உளர்றாருன்னு நினைச்சு, பக்கத்துல கேள்விக்குறி போட்டு வச்சேன்.

– தின்னரா?

– ஏன் அண்ணா பிளேட்டத் துடைக்கறத நிறுத்திட்டீங்க?

– நெடி அடிக்குது. டப்பாவ மூடிக்கிறேன்.

– அது என்ன டப்பா?

– பழைய ஸ்டிக்கர் பசை போறதுக்கு. தின்னருதான்.

– அண்ணா.

– அந்த பைக் பின்னால சந்துல கீது. தார்ப்பாய் போத்தி வச்சிக்கீறேன். என்னோடதுதான்.

– நீங்களா இடிச்சீங்க?

– எங்கம்மா சத்தியமா இல்ல! இடிச்சது ஒரு வெள்ளை வேன். நான் பின்னால வந்துகினு இருந்தேன். உங்கப்பாவத் தூக்கி ஆட்டோல ஏத்துனவன் நான்தான். வேன்காரன் கொஞ்சம் தள்ளி நிறுத்திட்டுக் கண்ணாடில பாத்துகினே இருந்தான். ஆட்டோ கெளம்புச்சு, அவனும் நைசா கெளம்பிட்டான். உடுவேனா? தொரத்தினேன். நீ பறக்குதுன்றியே, அது அதான்.

– அப்புறம்?

– முக்குல டிராபிக் போலீஸ் நின்னுகினு ஸ்டைல் பிளேட் வண்டியா பாத்து ஓரங்கட்டினு இருந்தாங்க. வேன் பிளேட்டுக்கு இன்னா, பளிச்சுனு கீது. அவன் ராஜா மாறி அவங்க முன்னாலயே போய்ட்டான். நான் ஏற்கெனவே ஒரு தபா மாட்டினவன். இந்தத் தபா வண்டியப் புடுங்கிப்பாங்கன்னு சந்துக்குள்ள திரும்பிட்டேன். இருபதடிலதான் போலீஸ். ஒரு வார்த்தை சொல்லிருந்தா அங்கியே மடக்கிருப்பாங்க.

– ஆறு நாள் ஆச்சு அண்ணா.

– ஆறு நாளா சோறு எறங்கல எனக்கு. வேன் நம்பர் சொல்றேன், எழுதிக்க.

– ஆயிரம் பிளேட்டும் நெனப்புல நிக்காதுன்னீங்க?

– குத்திக் காட்டாத, தங்கச்சி.

– ஒரு நிமிஷம். கேமரால அப்ப போன வண்டி எல்லாத்தையும் வரிசையா எழுதினேன். இதோ, மூணாவது வரி: “வெள்ளை வேன். நிதானமாகப் போகிறது. எண் தெளிவு. சந்தேகம் இல்லை.” பாருங்க, நானே கோடு போட்டு அடிச்சிருக்கேன்.

– அதே நம்பர்தான். அவனேதான்.

– நம்பர் எங்கிட்டயே இருந்திருக்கு. பாத்த ஆள்தான் இல்ல.

– நான் வரேம்மா. சட்டப்படி பிளேட்டு நேத்தே வந்துட்ச்சு, இதோ. இத மாட்டிகினு நாளைக்கு வரேன்.

– மாட்டாதீங்க.

– இன்னாது?

– மாத்திட்டா, வீடியோல போறது நீங்கதான்னு எப்படிக் காட்டுவீங்க? நீ அங்க இருந்தியான்னு வேன்காரங்க கேப்பாங்க. இந்த நெருப்புப் பிளேட்டப் பாத்தாதான் நம்புவாங்க.

– இத்தோட ஸ்டேஷனுக்குள்ள நுழைஞ்சா என்னய சும்மா உடுவாங்களா? யார்றா ஒட்டினதுன்னு கடைக்கே வந்துடுவாங்க. எனக்குச் சோறு போடுற கடை இது.

– தெரியும். நீங்க வரலன்னா நான் சண்டை போட மாட்டேன். எங்கப்பாவத் தூக்கினவரு நீங்க. ஆனா எனக்கு இன்னைக்கு எழுதணும். என்ன எழுதறது?

– அப்பா இன்னா சொன்னாருன்ன? தின்னர் வாசனையா?

– ஆமா.

– கேள்விக்குறிய அடிச்சிடு. பேனா எடு.

– எடுத்துட்டேன். “ஜூன் பதினாறு, திங்கள். இடித்தது பைக் என்று எழுதியிருந்தேன். தவறு. நாளை: காலை ஒன்பது மணி, காவல் நிலையம்.” அடுத்த வரி நீங்கதான் சொல்லணும்.

– “ஜெகன் வருவான்.” எழுதிட்டியா? “வழில யாரும் மடக்கக் கூடாதுன்னு வண்டிய ஓட்டாம தள்ளிகினு வருவான். பழைய பிளேட்டோட.”